லாவாபிட்: ஒரு சாவிக்காக மூடப்பட்ட மின்னஞ்சல் நிறுவனம்

2004 ஏப்ரல் முதல் தேதி கூகுள் ஜிமெயிலை அறிவித்தபோது, அது முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். மற்ற இலவச நிறுவனங்கள் சில மெகாபைட் இடம் கொடுத்துவந்த காலம் அது. ஒரு முழு கிகாபைட் இலவசம் என்றால் எப்படி நம்புவது? நம்பிய சிலருக்கும் வேறோர் உறுத்தல் இருந்தது. அஞ்சலுக்குள் இருக்கும் சொற்களை இயந்திரம் படித்து, அதற்குத் தோதான விளம்பரத்தைப் பக்கத்திலேயே காட்டும் என்று கூகுளே சொல்லியிருந்தது. அந்த வழக்கத்தை நிறுத்தப்போவதாக அது அறிவித்தது 2017இல்தான்.

அந்த உறுத்தலில் பிறந்த சேவைகளில் ஒன்று லாவாபிட். ஜிமெயில் வந்த அதே ஆண்டில் லாடார் லெவிசன் என்ற நிரலாளர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதைத் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் நெர்ட்ஷாக். ஏறத்தாழ பத்து வருடம், பெரும்பாலும் ஒரே ஆளின் உழைப்பில், சத்தமில்லாமல் ஓடியது. 2013 கோடையில் அதில் சுமார் 4,10,000 கணக்குகள் இருந்தன. அந்த ஆகஸ்ட் 8ஆம் தேதி அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயின.

இதைப் பெரும்பாலும் வீரக்கதையாகத்தான் சொல்கிறார்கள். அரசுக்குப் பணியாத தனிமனிதர், கொள்கைக்காகப் பிழைப்பை விட்டவர் என்று. லெவிசனின் நேர்மை மேல் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தன் அஞ்சலை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்கிறவருக்கு இதில் அதைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது: அந்த நேர்மையான மனிதர் தன் சர்வரை எப்படிக் கட்டியிருந்தார் என்பது.

கட்டியிருந்த விதம்

இலவசக் கணக்குகள் சாதாரணமானவை. காசு கட்டியவர்களுக்குக் கூடுதலாக ஒன்று கிடைத்தது. அஞ்சல் வந்து சேர்ந்ததும், அந்தப் பயனரின் பொதுச்சாவியால் (பூட்ட மட்டுமே உதவும் சாவி அது) அதைக் குறியாக்கம் செய்து, அதாவது யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, வட்டில் எழுதிவிடுவார்கள். அதைத் திறக்கும் தனிச்சாவியும் அதே சர்வரில்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாவி பயனரின் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருக்கும். சர்வரை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும், வட்டை நீதிமன்றமே கேட்டு வாங்கினாலும், கையில் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். நிர்வாகிகளாலேயே உங்கள் அஞ்சலைப் படிக்க முடியாது என்று சொல்லி அதை விற்றார்கள்.

2004இல் இது நல்ல வேலைதான். வட்டில் உறங்கும் அஞ்சலைப் பொறுத்தவரை அந்த வாக்கு பெருமளவு உண்மையும்கூட. சிக்கல், அஞ்சல் விழித்திருக்கும் நேரத்தில். பயனர் உள்ளே நுழையும்போது தன் பாஸ்வேர்டை சர்வருக்கு அனுப்புகிறார். சர்வர் அதை வைத்துத் தனிச்சாவியைத் திறந்து, அஞ்சலைப் பிரித்து, படிக்கும்படியாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சில நொடிகளில் பாஸ்வேர்டு, சாவி, அஞ்சல் மூன்றும் லெவிசனின் இயந்திரத்தில் வெறுமையாகக் கிடக்கும். வெளியிலிருந்து வரும் புதிய அஞ்சலும் அப்படியே. குறியாக்கம் ஆவதற்கு முன் வெட்டவெளியாகத்தான் உள்ளே வருகிறது. அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்று லெவிசன் முடிவெடுத்திருந்தார். பார்க்க முடியாதபடி அவரைத் தடுத்தது எதுவும் இல்லை.

பயனரின் கணினிக்கும் சர்வருக்கும் நடுவில் போகும் போக்குவரத்தைக் காத்தது எஸ்.எஸ்.எல். என்ற குறியாக்கம். அதற்கான சாவிகள் மொத்தம் ஐந்து. அவை ஆளுக்கு ஒன்று என்று பிரிக்கப்பட்டவை கிடையாது. நிறுவனம் முழுவதற்கும் பொதுவானவை. கதை திரும்பும் இடம் இதுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லெவிசன் நீதிமன்றங்களை மதிக்காதவர் இல்லை. அதற்கு முன்பே ஏறத்தாழ இரண்டு டஜன் உத்தரவுகள் அவருக்கு வந்திருந்தன. குறிப்பிட்ட கணக்கைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்.

2013 கோடை

ஜூன் முதல் வாரத்தில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்பு ஆவணங்கள் பத்திரிகைகளில் வெளிவரத் தொடங்கின. ஜூன் 9ஆம் தேதி, அவற்றைக் கொடுத்தது தானே என்று எட்வர்ட் ஸ்னோடன் ஹாங்காங்கிலிருந்து அறிவித்தார். மறுநாளே வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா நீதிமன்றத்திலிருந்து லாவாபிட்டுக்கு ஓர் உத்தரவு கிளம்பியது: ஒரு கணக்கின் விவரங்களைக் கொடு. யாருடைய கணக்கு என்பதை வெளியே சொல்லக்கூடாது. வழக்கு ஆவணங்கள் பின்னால் வெளியானபோதும் அந்தப் பெயர் கறுப்பு மை பூசியே வந்தது. 2016இல் ஒரு பக்கத்தில் மை பூச மறந்துவிட்டார்கள். ஸ்னோடனின் முகவரி அப்படியே தெரிந்தது. யாருக்கும் அது ஆச்சரியமாக இருந்திருக்காது. 2013 ஜூலை 12 அன்று மாஸ்கோவின் ஷெரமெத்யெவோ விமான நிலையத்துக்கு மனித உரிமை அமைப்புகளை அவர் அழைத்தபோது, அழைப்பு போனதே லாவாபிட் முகவரியிலிருந்துதான்.

அந்த முதல் உத்தரவுக்கு லெவிசன் தபாலில் பதில் அனுப்பினார். அரசு கேட்டவற்றில் மிகக் கொஞ்சம்தான் அந்தப் பதிலில் இருந்தது. ஜூன் 28 அன்று அடுத்த உத்தரவு வந்தது. இந்தக் கணக்கிலிருந்து யாருக்கு அஞ்சல் போகிறது, யாரிடமிருந்து வருகிறது, எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) என்பதை அவ்வப்போதே பதிவுசெய்யும் கருவியைப் பொருத்த வேண்டும். தொலைபேசியில் சுழற்றிய எண்களைக் குறித்துக்கொள்வதற்காக வந்த பழைய சட்டத்தை இணையத்துக்கு நீட்டியிருந்தார்கள். உள்ளடக்கம் வேண்டாம், மேல்விவரம் போதும் என்பது அதன் வாதம். அன்றே எஃப்.பி.ஐ. அதிகாரிகள் டல்லாஸில் அவர் வீட்டுக்கே வந்தார்கள்.

கருவியைப் பொருத்துவதில் பயன் இல்லை. லாவாபிட்டின் போக்குவரத்து முழுவதும் எஸ்.எஸ்.எல்.லுக்குள் போகிறது, கருவிக்குத் தெரிவதெல்லாம் குழப்பம்தான். பிரித்துத் தர முடியுமா என்று கேட்டபோது, முடியும், ஆனால் என் அமைப்பை நானே தோற்கடிக்க மாட்டேன் என்ற பொருள்பட லெவிசன் பதில் சொன்னதாக நீதிமன்றப் பதிவு இருக்கிறது. முடியும் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவருக்குத் தப்பிக்க வழி இருக்கவில்லை என்று நினைக்கிறேன். முடியாது என்பவரிடம் நீதிமன்றம் என்ன செய்ய? முடியும், செய்ய மாட்டேன் என்பவரை என்ன செய்வது என்று அதற்கு நன்றாகவே தெரியும்.

அடுத்து அரசு சாவிகளையே கேட்டது. சாவி கிடைத்தால் தங்கள் கருவியே பிரித்துக்கொள்ளும். அந்த ஒருவரின் மேல்விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் என்றார்கள். லெவிசனுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் அடுக்ககம் முழுவதன் சாவிக்கொத்தையும் கேட்பது போன்ற நிலை. ஜூலை 13ஆம் தேதி அவர் ஒரு மாற்று யோசனை வைத்தார்: அந்தக் கணக்கின் விவரத்தை மட்டும் தானே நிரல் எழுதிச் சேகரித்து, 60 நாள் முடிவில் ஒப்படைப்பது. கூலி 2,000 டாலர். அடிக்கடி வேண்டுமென்றால் மேலும் 1,500. அரசு ஏற்கவில்லை. எதைச் சேகரித்தார், எதை விட்டார் என்று சரிபார்க்க வழியில்லை, உடனுக்குடன் கிடைக்கவும் செய்யாது என்றது. இரண்டும் நியாயமான மறுப்புகள்தான். அந்த யோசனையை ஜூன் 28 அன்றே, பணிவாக, எழுத்தில் வைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் இந்த ஆவணங்களைப் படிக்கும்போது வந்துகொண்டே இருக்கிறது.

ஜூலை 16 அன்று வழக்கறிஞர் இல்லாமல் தனியாகவே நீதிபதி கிளாட் ஹில்டன் முன் நின்றார். அன்றே சாவிகளைக் கைப்பற்றும் வாரண்டும், இதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்ற தடையும் பிறந்தன. வழக்கறிஞர் வைத்துக்கொண்டு எதிர்த்தது ஆகஸ்ட் 1 விசாரணையில். மற்ற 4,00,000 பேரின் தகவலை எந்த அதிகாரியும் உட்கார்ந்து படிக்கப்போவதில்லை, கருவி தானே வடிகட்டிவிடும் என்றது அரசுத் தரப்பு. கேட்பது அளவுக்கு மீறியது என்ற வாதத்துக்கு நீதிபதி சொன்ன பதிலின் சாரம்: அரசைக் குறை சொல்கிறீர்கள், இப்படி ஓர் அமைப்பைக் கட்டியது உங்கள் கட்சிக்காரர்தானே?

தனியுரிமை ஆர்வலர்கள் இந்தப் பதிலைக் கேட்டுக் கொதித்தார்கள். எனக்கு அதில் பாதி சரியாகப் படுகிறது. நீதிபதி சொல்ல வந்தது வேறு: அரசு நுழைய வசதி வைக்காமல் கட்டியது தப்பு என்பது. அதை ஏற்க முடியாது. ஆனால் சாவியைக் கொடுத்தால் ஒருவரோடு சேர்ந்து எல்லோரும் வெளிப்பட்டுவிடும்படி கட்டியிருந்தார் என்பது மட்டும் அப்பட்டமான உண்மை.

மறுநாள் மாலைக்குள் சாவிகள் வேண்டும் என்று உத்தரவு. லெவிசன் கொடுத்தார். 11 பக்கத் தாளில், 4 புள்ளி அளவு எழுத்தில் அச்சடித்து. உருப்பெருக்கி வைத்தாலும் கண் வலிக்கும் அளவு. இதைப் பயன்படுத்த 2,560 எழுத்துகளைக் கையால் தட்டச்ச வேண்டும், ஒன்று பிசகினாலும் எல்லாம் வீண் என்று அரசு முறையிட்டது. நல்ல நகைச்சுவைதான், நீதிமன்றம் சிரிக்கவில்லை. மின்வடிவில் தரும்வரை நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். பிறகு சாவிகளைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, ஆகஸ்ட் 8 அன்று, சேவையையே நிறுத்திவிட்டார்.

முகப்பில் ஒரு சிறு கடிதம் மட்டும் இருந்தது. அமெரிக்க மக்களுக்கு எதிரான குற்றத்தில் பங்காளியாவதா, ஏறத்தாழ பத்து வருட உழைப்பை விட்டு விலகுவதா என்ற நிலையில் விலகுவதைத் தேர்ந்தேன் என்றும், ஏன் என்று சொல்லச் சட்டம் விடவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். அமெரிக்காவோடு நேரடித் தொடர்புள்ள நிறுவனத்திடம் யாரும் தனிப்பட்ட தகவலை ஒப்படைக்காதீர்கள் என்றும் ஒரு வரி. அடுத்த சில மணி நேரத்தில், சைலன்ட் சர்க்கிள் என்ற நிறுவனமும் தன் மின்னஞ்சல் சேவையை மூடியது. அவர்களுக்கு எந்த உத்தரவும் வந்திருக்கவில்லை. வந்தால் தப்ப முடியாது என்று கணக்குப் போட்டு முந்திக்கொண்டார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவர் ஃபில் சிம்மர்மன், 1991இல் பி.ஜி.பி. குறியாக்கத்தை எழுதியவர். மின்னஞ்சல் என்ற ஏற்பாட்டையே முழுதாகக் காக்க முடியாது என்று அவரைப் போன்றவர் ஒதுங்கியது, லாவாபிட் மூடியதைவிடப் பெரிய செய்தி என்பேன்.

மேல்முறையீடு ரிச்மண்டில் நடந்தது. 2014 ஏப்ரல் 16 அன்று நான்காம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் லெவிசனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரே ஒருவருக்காக எல்லோரின் சாவியையும் கேட்கலாமா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. இந்த வாதங்களைக் கீழ் நீதிமன்றத்தில் முறையாக வைக்கவில்லை, இப்போது வைக்க முடியாது என்று நடைமுறையிலேயே முடித்துவிட்டது. எந்தக் கேள்விக்காக ஒரு நிறுவனம் அழிந்ததோ, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலேயே வழக்கு முடிந்தது.

சாவி வெளியே போனால் என்ன ஆகும்

லாவாபிட் ஆகஸ்ட் 8 அன்று நின்றுவிட்டதால் அந்தச் சாவியால் புதிதாக எதையும் பிரிக்க முடியாது. பழையது? இங்கேதான் நுணுக்கம். எஸ்.எஸ்.எல். இணைப்பை இரண்டு வகையில் அமைக்கலாம். ஒவ்வோர் இணைப்புக்கும் தற்காலிகச் சாவி உருவாக்கி, முடிந்ததும் அழித்துவிடுவது ஒரு வகை. அப்போது நிறுவனத்தின் நிலையான சாவி பின்னால் பறிபோனாலும் நேற்றைய உரையாடல் திறக்காது. இன்னொரு வகையில் எல்லாமே அந்த நிலையான சாவியைச் சார்ந்திருக்கும். யாரோ ஒருவர் மாதக்கணக்கில் குழப்பமான போக்குவரத்தைச் சும்மா பதிந்து வைத்திருந்தால், சாவி கைக்கு வந்த அன்று அத்தனையும் படிக்கக் கிடைக்கும், பாஸ்வேர்டுகள் உட்பட. பாஸ்வேர்டு கிடைத்தால் தனிச்சாவி, தனிச்சாவி கிடைத்தால் வட்டில் இருக்கும் அஞ்சல். வாக்களித்த பாதுகாப்பு அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்துவிடும். வழக்கு ஆவணங்கள் வெளிவந்த 2013 அக்டோபரில், சாவி பிறர் கைக்குப் போய்விட்டது என்பதால் லாவாபிட்டின் சான்றிதழை (தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதிசொல்வது) அதை வழங்கிய கோடேடி நிறுவனம் ரத்து செய்தது.

குறியாக்க நிபுணர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2013 நவம்பரில் லாவாபிட்டைப் பற்றி எழுதிய விமர்சனம் இந்த இடத்தில்தான் குத்தியது. பூட்டும் சாவியும் பாஸ்வேர்டும் ஒரே சர்வரில் வந்து சேர்கின்றன என்றால், மிஞ்சுவது பார்க்க மாட்டோம் என்ற உறுதிமொழி மட்டுமே. ஜிமெயிலும் கொடுப்பது உறுதிமொழிதான். இரண்டு உறுதிமொழிகளில் ஒன்று நல்லவருடையது என்பதற்காக அமைப்பு பாதுகாப்பாகிவிடாது.

2017 ஜனவரி 20 அன்று லாவாபிட் மறுபடி திறந்தது. இந்த முறை மூன்று நிலைகள். நம்பி ஒப்படைக்கிறவர்களுக்கு ஒன்று, எச்சரிக்கையாளர்களுக்கு ஒன்று, எவரையும் நம்பாதவர்களுக்கு ஒன்று. கடைசி நிலையில் சாவி பயனரின் கணினியை விட்டு வெளியே போகாது. லெவிசன் பாடம் படித்திருந்தார்.

பின்னால் வந்தவர்களின் கதை

லாவாபிட் மூடிய மறு ஆண்டு, ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள் புரோட்டான்மெயிலைத் தொடங்கினார்கள். இதில் அஞ்சலைப் பிரிப்பது பயனரின் உலாவியிலேயே நடக்கிறது. பாஸ்வேர்டு சர்வருக்குப் போவதில்லை. லாவாபிட்டில் இருந்த ஓட்டை அடைபட்டது. ஆனால் அடைபடாத ஓட்டைகள் எவை என்பது 2021 செப்டம்பரில் தெரிந்தது. பாரிஸில் கட்டடங்களைக் கைப்பற்றிப் போராடிய பருவநிலை ஆர்வலர்கள் குழு ஒன்று புரோட்டான் முகவரியைப் பயன்படுத்தியது. பிரெஞ்சுக் காவல்துறை, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் வழியாக சுவிஸ் அரசை அணுக, சுவிஸ் அரசு புரோட்டானுக்கு உத்தரவிட்டது. புரோட்டான் அந்தக் கணக்கின் ஐபி முகவரியைப் பதிவுசெய்து கொடுத்தது. கைது நடந்தது. இயல்பாக ஐபி பதிவதில்லை என்று தன் தளத்தில் பெருமையாக எழுதியிருந்த வரியைப் புரோட்டான் அதன்பிறகு மாற்றியது.

துரோகம் என்று கூச்சல் எழுந்தது. அஞ்சலின் உள்ளடக்கத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை என்பது அந்தக் கூச்சலில் மறைந்தது. இல்லாததைக் கொடுக்க முடியாது. இருந்ததை, அல்லது இனிமேல் சேகரிக்க முடிவதை, கொடுத்தே ஆக வேண்டும். 2024இல் வெளிவந்த ஸ்பெயின் வழக்கில் இது இன்னும் தெளிவு. கட்டலோனியப் பிரிவினை இயக்கத்தோடு தொடர்புடைய ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டபோது, கணக்கை மீட்பதற்காக அந்த நபரே கொடுத்து வைத்திருந்த இன்னொரு முகவரியைப் புரோட்டான் கொடுத்தது. அது ஆப்பிளுடையது. ஆப்பிளிடம் பெயரும் விலாசமும் இருந்தன. புரோட்டானுக்கு 2023இல் மட்டும் இப்படிச் சுமார் 6,000 உத்தரவுகள் வந்தன. பெரும்பாலானவற்றுக்கு அது இணங்கியது. அந்த நிறுவனமே வெளியிடும் கணக்கு இது. இப்படி வெளியிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஜெர்மனியிலும் இதே கதை. பெர்லினின் போஸ்டியோ மாதம் ஒரு யூரோவுக்குச் சேவை தருகிறது. பெயர் கேட்பதில்லை, உறையில் நோட்டை வைத்துத் தபாலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும். பயனர்களின் ஐபி தன் சர்வருக்கே தெரியாதபடி அமைத்திருந்தது. ஓர் உத்தரவு வந்தபோது எங்களிடம் அது இல்லை என்றது. அப்படிச் சொல்லி ஒதுங்க முடியாது, கேட்டால் கிடைக்கும்படி அமைத்துக்கொள் என்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்த்தது. ஹனோவரின் டூட்டாவுக்கு 2020இல் கொலோன் நீதிமன்றம் இட்ட உத்தரவு வேறு மாதிரி: ஒரு கணக்குக்குப் புதிதாக வரும், குறியாக்கம் ஆகாத அஞ்சல்களை உள்ளே வரும்போதே நகலெடுத்துக் கொடு. சாதாரண அஞ்சல் எல்லா நிறுவனத்துக்குள்ளும் வெட்டவெளியாகத்தான் நுழைகிறது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இவற்றுக்கெல்லாம் முந்தையது கனடாவின் ஹஷ்மெயில். குறியாக்க அஞ்சலுக்குப் பேர்போன அந்த நிறுவனம் 2007இல் ஸ்டீராய்டு கடத்தல் வழக்கு ஒன்றில் பிரித்த அஞ்சல்களை 12 சிடிகளில் நிரப்பி அமெரிக்க அதிகாரிகளுக்குக் கொடுத்தது தெரியவந்தது. பயனர் வசதிக்காக, பிரிக்கும் வேலையை சர்வரிலேயே செய்யும் ஒரு வழியையும் அது வைத்திருந்தது. லெவிசன் இந்தக் கதையை அறியாமல் இருந்திருக்க முடியாது.

சென்னையிலிருந்து பார்த்தால்

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் அஞ்சல்கள் வந்தன. பெற்றோர்கள் அலறியடித்துப் பள்ளிகளுக்கு ஓடினார்கள். எல்லாம் புரளி. அனுப்பியவர் புரோட்டானைப் பயன்படுத்தியிருந்தார். தமிழ்நாடு காவல்துறையின் கோரிக்கையின் பேரில் புரோட்டானையே இந்தியாவில் தடை செய்யும் முயற்சி நடந்தது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்ட பிறகு அது நின்றது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தடைக்கான நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கு அன்று இருந்த பதற்றத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒருவரைப் பிடிக்க எல்லோரின் சேவையையும் நிறுத்துவது என்பது அலெக்ஸாண்ட்ரியா தர்க்கத்தின் இன்னொரு வடிவம்தான். சுவிஸ் வழியாக முறைப்படி கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்குப் பாரிஸ் வழக்கே சாட்சி.

நம் சட்டம் லெவிசன் சந்தித்ததைவிட மென்மையானதும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி பிரித்துத் தரச் சொல்லி அரசு உத்தரவிடலாம். ஒத்துழைக்க மறுத்தால் ஏழு வருடம் வரை சிறை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. அரசு தன் முகமைகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது.

இந்த இடத்தில் ஸோஹோ பற்றிக் கேட்பார்கள். சென்னையில் தலைமையகம் உள்ள நிறுவனம், அஞ்சலில் விளம்பரம் கிடையாது, வருமானம் சந்தாவிலிருந்து. விளம்பரக்காரர்களிடமிருந்து தப்ப வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் நல்ல தேர்வு. பெரும்பாலானவர்களின் தேவையும் அதுவே என்று நினைக்கிறேன். அதற்கு சுவிஸ்வரை போக வேண்டாம். வழக்கமான கணக்கில் குறியாக்கச் சாவி நிறுவனத்திடமே இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் போதும். நீதிமன்ற உத்தரவையோ, சர்வருக்குள் நுழையும் திருடரையோ எண்ணிப் பயப்படுகிறவருக்கு அந்த ஏற்பாடு போதாது.

அதனால் ஒரு சேவையை எடைபோடும்போது, தனியுரிமை எங்கள் உயிர்மூச்சு என்ற முகப்பு வாசகத்தைத் தாண்டி நான் முதலில் தேடுவது ஒன்று: பாஸ்வேர்டை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற உதவிப் பக்கம். மறந்தால் கவலை வேண்டாம், புதியது அமைத்தால் பழைய அஞ்சல் எல்லாம் அப்படியே இருக்கும் என்றால் சாவி அவர்களிடம் இருக்கிறது என்று பொருள். முன்பே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் மீட்புச் சொற்களும் இல்லை என்றால் பழைய அஞ்சல் போனது போனதுதான் என்று கறாராகச் சொல்கிறவர்களிடம் சாவி இல்லை. விற்பனைப் பேச்சைவிட இந்தப் பக்கம் உண்மையைச் சொல்லிவிடும். அடுத்து, எதையெல்லாம் குறியாக்கம் செய்வதில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்களா? புரோட்டானில் தலைப்பு வரிக்கு முழுக் குறியாக்கம் கிடையாது, டூட்டாவில் உண்டு; அனுப்புநர், பெறுநர், நேரம் இவை எங்கேயும் மறையாது. மீட்புக்காகக் கைபேசி எண்ணோ வேறு முகவரியோ கேட்டால், கொடுக்கும் முன் ஸ்பெயின்காரரை நினைத்துக்கொள்ளலாம். நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம்தான். ஆனால் அது உத்தரவு எந்த வழியாக, எவ்வளவு தாமதமாக வரும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. உத்தரவே வராத நாடு இல்லை.

எங்கே கணக்கு வைத்தாலும் எதிர்முனையில் இருப்பவர் ஜிமெயிலில் இருந்தால் உங்கள் கடிதத்தின் ஒரு நகல் அங்கே இருக்கும். இதற்கு எந்த நிறுவனத்தாலும் மருந்து கொடுக்க முடியாது. மிக ரகசியமானதை மின்னஞ்சலில் எழுதாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

லாவாபிட் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் அந்த 4,10,000 கணக்குகளின் சொந்தக்காரர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அவர்களின் முகவரி போயிற்று. வங்கி, வேலை, குடும்பம் என்று எல்லா இடத்திலும் கொடுத்து வைத்திருந்த முகவரி. 2013 அக்டோபரில் சில நாட்கள் மட்டும் பழைய அஞ்சலைப் பதிவிறக்கிக்கொள்ள லெவிசன் கதவைத் திறந்தார். நிறுவனத்தின் பெயரில் முடியும் முகவரி நிறுவனத்துடையது. அது நல்ல காரணத்துக்காக மூடினாலும் உங்களுக்கு நட்டம் ஒன்றுதான். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் போலச் செலவில் சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஒன்றை வாங்கி, அஞ்சலை எந்த நிறுவனம் கையாள வேண்டும் என்பதை அதன் எம்.எக்ஸ். பதிவில் அமைத்துக்கொண்டால், நாளை இடம் மாறும்போது முகவரி கூடவே வரும். புதுப்பிக்கும் தேதியை மட்டும் தவறவிடக் கூடாது. தவறவிட்ட டொமைனை வாங்கிக்கொள்கிறவர் உங்கள் பெயருக்கு வரும் அஞ்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.